எலுமிச்சைச் சோறும் இருபது வளைவும்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்குக் கிளம்பினால் கட்டுச்சோறு இல்லாமல் போவதில்லை. சில வருஷம் முன்பு எங்கள் குடும்பமே ஒரு வேனில் கிளம்பியது. எலுமிச்சைச் சோறு பெரியம்மா கைவண்ணம். விடிகாலையில் அல்லாட வேண்டாமென்று முதல் நாள் ராத்திரியே சோறு வடித்து, அன்னக்கூடையில் குவித்து மூடிவிட்டார். காலையில் தாளித்து, எலுமிச்சை பிழிந்து கிளறியதோடு சரி. எட்டு மணிக்கு அடிவாரத்தில் சாப்பிட்டோம். பத்து மணிக்கு ஏரிக்கரையில் ஆளுக்கொரு மரத்தடியில் குனிந்து நின்றோம்.

எல்லாரும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் திட்டினார்கள். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கும் அம்மாயி மட்டும் தெம்பாக உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்குச் சனிக்கிழமை விரதம். நான் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவன், சும்மா இருப்பேனா? மிச்சச் சோற்றில் ஒரு பிடி டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

முட்டை மஞ்சள் கரு கலந்த தட்டில் அதைத் தீற்றி வைத்தேன். மறுநாள் தட்டெங்கும் இளஞ்சிவப்புத் திட்டுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பால் தெளித்தாற்போல் ஒரு வளையம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. மண்ணில் வாழ்வது, நெல்லோடு ஒட்டி அரிசிக்கு வருவது. உலை கொதித்தாலும் அதன் ஸ்போர்கள், அதாவது விதைபோல உறங்கும் வடிவங்கள், சாவதில்லை. குவித்த சோற்றின் நடுவில் விடிய விடிய ஒரு வெதுவெதுப்பு இருக்குமே, அதில் முளைத்துப் பெருகும். சில ரகங்கள் செரியுலைடு என்ற வாந்தி நஞ்சைச் சுரக்கும். 121 டிகிரியிலும் அது அழியாது, ஆகவே குக்கரில் வைத்துப் பயனில்லை. எலுமிச்சைப் புளிப்புக்கும் அசையாது.

இதன் பங்காளிகள் இருவரை நீங்கள் அறிவீர்கள். மேச்சேரி ஆடு வளர்ப்பவர்கள் அஞ்சுகிற அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், ஒரு பங்காளியின் வேலை. இன்னொன்று, முட்டைக்கோஸ் புழுவுக்குத் தெளிக்கிற பி.டி., அதாவது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ். ஆத்தூர்ப் பக்கத்துப் பி.டி. பருத்தியில் இருப்பது அந்த பாக்டீரியா அல்ல, அதிலிருந்து எடுத்த மரபணு மட்டும்.

2003இல் ஆந்த்ராக்ஸ், சீரியஸ் இரண்டின் மரபணுத் தொகுப்பும் வெளியானது. ஒன்றில் சுமார் 52 லட்சம் டி.என்.ஏ. எழுத்து, மற்றதில் 54 லட்சம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிலும் பொது. மூன்றும் ஒரே இனம்தான் என்று வாதிடுவோர் உண்டு. நானும் அந்தக் கட்சி.

பூர்வீகச் சொத்து ஒன்று, இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான் வேறு. பிளாஸ்மிட் என்கிற தனி டி.என்.ஏ. வளையங்களைத்தான் சொல்கிறேன். ஆந்த்ராக்ஸிடம் இரண்டு பை: ஒன்றில் நஞ்சு, மற்றதில் நம் உடலின் காவலை ஏய்க்கும் மேலுறை. பி.டி.யின் பையில் புழுக்கொல்லிப் படிகம். மைக்ரோஸ்கோப்பில் ஸ்போருக்குப் பக்கத்தில் வைரக்கல் போலக் கிடக்கும். வாந்தி நஞ்சின் மரபணுக்களும் அப்படியொரு பையில்தான், சுமார் 2,70,000 எழுத்து. அதன் சட்டகம் ஆந்த்ராக்ஸின் நஞ்சுப் பையோடு ஒத்துப்போவதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சீரியஸ் சுரக்கும் இன்னொரு வகையான வயிற்றுப்போக்கு நஞ்சின் கதை வேறு. அது பூர்வீகச் சொத்திலேயே இருக்கிறது, பி.டி. ரகங்கள் பலவற்றிலும் உண்டு. பி.டி. தெளித்த கோஸை நான் நன்றாக அலசித்தான் நறுக்குவேன். ஆந்த்ராக்ஸிடமும் அந்த வகை மரபணுக்கள் உண்டு, ஆனால் அவற்றை முடுக்கிவிடும் பிஎல்சிஆர் என்ற சுவிட்ச் அதில் பழுது. நடுவில் விழுந்த ஒரு பிழையால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது.

ஆக, தட்டில் இளஞ்சிவப்பைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பி.டி.யும் அதே நிறம், அதே வளையம். வாந்தி நஞ்சின் மரபணு இருக்கிறதா என்று, டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் தேட வேண்டும். தேடினேன். இருந்தது.

பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன்: வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற்றி, ஃபிரிட்ஜில் வைத்திருக்கலாம் என்று. “அட போ கண்ணு, பதினேழாவது வளைவுல அந்த டிரைவர் வண்டியைத் திருப்புன திருப்பு உனக்கென்ன தெரியும்” என்றார்.