ஒரு காது மட்டும் மந்தமானால்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு காதும் மந்தமானால் வீட்டில் டிவி சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காது போனால் அப்படித் தெரியாது. போனை எப்போதும் வலது காதில் வைப்பவருக்கு இடது காது போனது மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். தெரிந்தாலும், "அழுக்கு அடைச்சிருக்கு" என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றுவோம். வேண்டாம். ஜவ்வில் ஓட்டை இருந்தால் வினையாகிவிடும்.

இப்போது ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு, வாய் திறக்காமல் 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். மோட்டார் ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். மூடிய காதில்தானே சத்தம் பெரிதாகக் கேட்கிறது? அழுக்கோ நீரோ அடைத்த காதும் அப்படித்தான். விரலை எடுத்துவிட்டு முனகினாலும் சத்தம் மந்தமான காதுப் பக்கமே போகும். உட்காதோ நரம்போ கெட்டிருந்தால் நல்ல காதுக்குப் போகும். டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பதும் இதற்குத்தான். வெபர் சோதனை என்பார்கள். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் சொட்டு மருந்து எழுதினால், செய்யச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை.

முனகல் நல்ல காதுக்குப் போய், மந்தமும் திடீரென்று 3 நாளுக்குள் முற்றியதென்றால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்து முதல் 2 வாரத்துக்குள்தான் நன்றாகப் பலன் தரும். சாதாரண அப்பாயின்மென்டுக்குக் காத்திராமல், எந்தத் தேதியில் கேட்காமல் போனதென்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனிப்புநீர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்து சர்க்கரையை ஏற்றும்.

அடுத்து, ஹெட்போன் மாட்டி எடுக்கும் கேட்புச் சோதனை. கேளாத காதுக்குப் பெரிய சத்தம் கொடுத்தால் மண்டையோடு வழியாக நல்ல காது அதைத் திருடிக் கேட்டு, "கேட்குது" என்று கையைத் தூக்க வைத்துவிடும். அதனால் நல்ல காதில் 'ஷ்ஷ்' என்று இரைச்சல் விடுவார்கள். மெஷின் கோளாறு என்று கழற்றிவிடாதீர்கள்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் ஜவ்வுக்குப் பின்னால் நீர் வடியாமல் தேங்கி நின்றால் மூக்கின் பின்புறத்தைக் குழாய் கேமராவால் பார்க்க வேண்டும். அங்கே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். நரம்புக் கோளாறென்றால் எம்.ஆர்.ஐ.; நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வணக்கம்.