யாழ்ப்பாணம் தவிர

(எங்கள் ஊர் வாசிகசாலை முற்றத்தில் பேசியது. கேட்ட சிலர் எழுத்தில் வேண்டும் என்று கேட்டதால் தருகிறேன்.)

தலைவர் அவர்களே, தாய்மாரே, சகோதரங்களே, மதிலோரமாய் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று கேட்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"முன்னாள் ஆட்சியாளர்களும் வழக்குகளும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை, அரசியல் மேடைக்காரனும் இல்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. அந்த இடத்தில் நின்று பார்த்ததைக் கொண்டுதான் பேசப்போகிறேன்.

2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியாய் இருந்த ஒருவர் இந்த நாட்டில் கைதானது அதுதான் முதல் தடவை. 2023 செப்டெம்பரில், மனைவியின் பட்டமளிப்பு நிகழ்வுக்காக இங்கிலாந்துக்குப் போனதில் அரசாங்கத்தின் காசு 1 கோடி 66 இலட்சம் ரூபாய் செலவானது என்பது குற்றச்சாட்டு. கொழும்பு கோட்டை நீதவான் அவரை விளக்கமறியலில் வைத்தார். ஓகஸ்ட் 26இல் தலா 50 இலட்சம் ரூபாய்ப்படி மூன்று சரீரப் பிணையில் வெளியே வந்தார். குற்றம் நிரூபிக்கப்படும்வரைக்கும் அவர் சந்தேக நபர்தான், அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குச் சந்தியில், தேத்தண்ணிக் கடையில், பஸ்ஸில் எல்லோரும் அதையேதான் கதைத்தார்கள். "அவரையே பிடிச்சிட்டாங்கள்" என்ற அந்தச் சொல்லில் இருந்த ஆச்சரியம் எனக்கு நன்றாய் நினைவிருக்கிறது.

அதற்கு முன்பும் சில நடந்தன. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தக் காசில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் நவம்பர் 14இல் பொருளாதார நெருக்கடி பற்றிய அடிப்படை உரிமை மீறல் மனுக்களில், மகிந்த, கோட்டாபய, பசில் என ராஜபக்ச சகோதரர்கள் மூவரும் இன்னும் சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தத் தீர்ப்பின் அர்த்தத்தை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இவை நல்ல காரியங்கள். மனதாரச் சொல்கிறேன். ஆனால் இந்த வழக்குகளைப் பக்கம் பக்கமாய் வைத்துப் பாருங்கள். காசு போன வழக்கு ஓடுகிறது. ஆள் போன வழக்கு நிற்கிறது. நிற்கிற அந்த வழக்கு ஒன்றைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வந்தேன். அது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கு.

2011 டிசெம்பர் 9ஆம் திகதி. அடுத்த நாள் மனித உரிமைகள் தினம். அரசியல் கைதிகளை விடுதலை செய்யச் சொல்லியும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் கேட்டும் இங்கே கூட்டம் வைக்க இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் லலித்குமார் வீரராஜ், தெற்கிலிருந்து வந்தவர். மற்றவர் குகன் முருகானந்தன், எங்கள் ஆள். ஆவரங்காலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டார்கள். அதோடு இரண்டு பேரும் இல்லை. யுத்தம் முடிந்து இரண்டரை வருடத்துக்குப் பிறகு நடந்தது இது. "சண்டை நேரம், என்ன செய்யிறது" என்று சொல்லி ஆறுதல் அடையவும் வழியில்லை.

தெற்கில் பிறந்த ஒரு பிள்ளை எங்கள் பிள்ளைகளுக்காக இங்கே வந்து காணாமல் போனது. இதை நாங்கள் போதிய அளவு நினைத்துப் பார்க்கவில்லை என்ற கவலை எனக்கு உண்டு.

ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கிற ஆட்கொணர்வு மனுவைக் குடும்பத்தவர்கள் போட்டார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் விசாரணையை யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஆள் இங்கே காணாமல் போனபடியால் விசாரணையும் இங்கே, அது முறை. அந்தக் காலத்துப் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச. அவரைச் சாட்சியமளிக்க வரும்படி 2019 செப்டெம்பரில் நீதிமன்றம் அழைத்தது. கவனமாய்க் கேளுங்கள், எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைத்தது. தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டது. யாழ்ப்பாணத்துக்கு வர உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் பக்கத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள், அழைப்பு நின்றது. நவம்பரில் அவர் ஜனாதிபதியானார்.

ஜனாதிபதியானால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 35ஆவது உறுப்புரை, பதவியில் இருக்கும்வரைக்கும் ஒருவர் மேல் வழக்கு நடத்த முடியாது என்கிறது. அவருடைய தந்தையின் நினைவு நூதனசாலைக்கு அரசாங்கக் காசு 3 கோடி 39 இலட்சம் ரூபாயைப் பயன்படுத்தியதாய் இருந்த வழக்கில் இருந்து, பதவியேற்று மூன்றே நாளில், 2019 நவம்பர் 21இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் அதே உறுப்புரையில் இன்னொரு வரியும் உண்டு. பதவியில் இருந்த காலம் வழக்குத் தொடுக்கும் கால எல்லைக் கணக்கில் சேராது. கதவைப் பூட்டச் சொன்ன சட்டம் திறப்பைக் கிணற்றுக்குள் போடச் சொல்லவில்லை. பதவி இறங்கினால் கதவு திறக்க வேண்டும்.

2022 ஜூலையில் அவர் பதவி இறங்கினார், எப்படி என்று உலகமே பார்த்தது. ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இந்த லலித், குகன் விடயத்தில் அவருக்கு அறிவித்தல் அனுப்பியது. 2024 நவம்பரில் அவருடைய சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் பதில் சொன்னார்: சாட்சியமளிக்கத் தயார், யாழ்ப்பாணம் தவிர வேறு எந்த நீதிமன்றத்திலும்.

யாழ்ப்பாணம் தவிர. பேப்பரில் அந்த வரியை வாசித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நாட்டில் தமிழ்ச் சனத்துக்கு நடந்த கொடுமைகளின் வழக்குகள் எங்கே நடந்தன? 1992இல் மட்டக்களப்பு மயிலந்தனையில் ஊர்ச் சனத்தை வெட்டியும் சுட்டும் கொன்ற வழக்கு, மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் போனது. 2002இல் இராணுவத்தினர் விடுதலையானார்கள். 1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்குப் போனது. 2016 ஜூலையில் ஆறு பேரும் விடுதலை. இங்கே மிருசுவிலில், 2000 டிசெம்பர் 19இல், இடம்பெயர்ந்து இருந்த சனம் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போனபோது எட்டுப் பேர் கழுத்தறுக்கப்பட்டு மலக்குழிக்குள் போடப்பட்டார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. அந்த வழக்கும் கொழும்பில்தான் நடந்தது. ஒரு இராணுவச் சிப்பாய்க்கு 2015இல் மரண தண்டனை கிடைத்தது, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய பொது மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார்.

எதிரிகளுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் எங்கள் வழக்குகள் பயணம் போயின. வழக்கோடு சாட்சிகளும் போனார்கள். அவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அப்படிப் போன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், எந்த நீதிமன்றம் என்றும் வேண்டாம். மகனுக்காகப் போட்ட வழக்கு. இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்குவா. பொது மலசலகூடத்தில் முகம் கழுவி, சீலை மாற்றி, நீதிமன்ற வாசலில் வந்து நிற்பா. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகனின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், எல்லாவற்றையும் மழை நனைக்காமல் இன்னொரு பைக்குள் போட்டு முடிந்திருப்பா. பல நாள் "தவணை" என்ற ஒரே சொல்லோடு திரும்பிப் போனா. தவணை என்றால் எங்களுக்கு அடுத்த திகதி. அவவுக்கு அது இரண்டு இரவு பஸ், இரண்டு நாள் கூலி.

ஒருநாள் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார், மகன் எப்படியான ஆள் என்று. அவ சொன்னா: "அவன் ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகான். சோறு எண்டால் கத்தரிக்காய்க் குழம்போடை மட்டும்தான் சாப்பிடுவான்." நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கிவிட்டு நின்றுவிட்டேன். அவ சொன்னது இருக்கிற பிள்ளையைப் பற்றி. இருந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னது போலத்தான் கேள்வி இருந்தது. போகமாட்டார் என்பதா, போனதில்லை என்பதா? சாப்பிடுகிறவர் என்பதா, சாப்பிட்டவர் என்பதா? நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவ சொன்னபடியே, இருக்கிற பிள்ளையாகவே சொன்னேன். என் வேலைக் காலத்தில் சரியாய்ச் செய்தேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய மொழிபெயர்ப்பு அது. அவ காலமாகிவிட்டா. அந்தப் பை யாரிடம் இருக்கிறதோ தெரியாது.

அந்த அம்மா போய் வந்த தூரம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அதே தெருவில் இந்தப் பக்கமாய் ஒரு தடவை வரச் சொல்லித்தான் நீதிமன்றம் ஒரு முன்னாள் பாதுகாப்புச் செயலாளரிடம் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் பாதுகாப்பில்லை என்கிறார்களே, அதையும் தட்டிக்கழிக்காமல் பார்ப்போம். 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் பிறகு, 20ஆம் திகதி எங்கள் நீதிமன்றக் கட்டடத்துக்கே கல்லெறிந்தார்கள். எறிந்தது எங்கள் ஆட்கள். அது எங்களுக்கு வெட்கம், நான் மறைக்கமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த வழக்கை இங்கேயே, யாழ்ப்பாணத்திலேயே, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். ஊரே கொதித்த வழக்கு. 2017 செப்டெம்பர் 27இல் ஏழு பேருக்கு மரண தண்டனை, சாட்சியம் போதாத இருவருக்கு விடுதலை. கோபத்துக்குத் தீர்ப்பெழுதியிருந்தால் அந்த இரண்டு பேரும் தப்பியிருக்க முடியாது.

அதே வருடம் ஜூலையில், அந்த மூவரில் ஒருவரான நீதிபதி இளஞ்செழியனின் வாகனத் தொடர் மேல் நல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அவரைக் காத்து நின்ற சிங்களப் பொலிஸ் உத்தியோகத்தர் உயிரை விட்டார். அந்த மனிதரின் மனைவியின் காலடியில் நீதிபதி விழுந்து அழுததை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அழுதுவிட்டு அவர் இடமாற்றம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தே தீர்ப்பெழுதினார். எங்கள் நீதிமன்றத்தால் முடியும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வசதியான சாட்சிக்கு வீடியோ தொடர்பு இருக்கிறது, கொழும்பில் இருந்தே சொல்லலாமே என்று ஒரு தம்பி போன கிழமை கேட்டார். நியாயமான கேள்வி. நோயாளிக்கும் வயதாளிக்கும் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாட்சி சொல்கிறவரின் முகத்தை, காத்திருக்கிற குடும்பம் பார்க்க வேண்டும். குகனின் பிள்ளை வளர்ந்தது இந்த மண்ணில். லலித்தின் வீட்டார் தெற்கிலிருந்து தவணைக்குத் தவணை இங்கே வந்து போன ஆட்கள், எங்கள் அம்மாமார் அங்கே போனது மாதிரி. அவர்களுக்கு யாழ்ப்பாணம் பயமாய் இருக்கவில்லை.

நான் பழிக்குக் கதைக்கவில்லை. அவர் குற்றவாளி என்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சாட்சி ஒருவருக்கு என்ன மரியாதை உண்டோ அது முழுவதும் அவருக்கும் கிடைக்க வேண்டும். வேண்டிய பாதுகாப்பைக் கொடுக்கட்டும், வீதியை மறிக்கட்டும், ஒரு நாள் கடைகளை அடைக்கச் சொன்னால் அடைப்போம். நாங்கள் வாசலில் போய்க் கூச்சல் போடவும் கூடாது. அன்றைக்கு யாராவது கல்லை எடுத்தால் அந்தக் கை அந்த அம்மாமாருக்கு எதிரான கை என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் நீதவான் நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டு மரத்தாலானது. பிடித்துப் பிடித்து மேல்விளிம்பு மினுங்கிப்போய் இருக்கும். எத்தனையோ அம்மாமார் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதில் அவர் ஏறினால் கேட்க வேண்டிய கேள்வி பெரிதில்லை. "அவர்கள் எங்கே?" தமிழில் இரண்டு சொல். சிங்களத்திலும் இரண்டு சொல்தான், "எயாலா கொஹெத?"

எனக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாய்க் கேட்கிறது. அந்த நாளுக்கு மொழிபெயர்க்க ஆள் போதாதென்றால் அறிவியுங்கள். வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, காலமை எட்டரைக்கே வந்து நிற்பேன்.