பிரசிடெண்டுக்கு மார்க் போடறது யாரு?

நூலக வாசகர் வட்டத்துல பேசினத எழுத்துல போடச் சொல்லி சில பேர் கேட்டாங்க. மேடையில பேசினபடியேதான் இருக்கு, அங்கங்க தடம் மாறும், பொறுத்துக்கங்க.

எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்துக்குத் தலைமை ஏத்திருக்கற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அய்யா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவுலயும் வந்து உக்காந்திருக்கற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நம்ம நூலகர் அவர்களே, சேர், மைக்செட் ரெண்டையும் காசு வாங்காம குடுத்த பந்தல் கடை அண்ணன் அவர்களே, முன்வரிசையில இருக்கற வக்கீல் சார் அவர்களே (சார் வர்றார்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா தயார் பண்ணிருப்பேன்), பின்னாடி சுவத்துல சாஞ்சு நிக்கற காலேஜ் தம்பிங்க தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. தலைமையாசிரியர் அய்யாகிட்ட படிச்சவன் நான், அவர் முன்னாடி நின்னு மார்க் போடறதப் பத்திப் பேசறதுக்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

அமெரிக்க அதிபர்கள்ல யார் ஜெயிச்சாங்க, யார் கோட்ட விட்டாங்க, இதான் தலைப்பு. மூணு விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு, இவங்களுக்கு மார்க் போடறது யாரு. ரெண்டு, போரை வச்சு அவங்களை எடை போடறது சரியா. மூணு, பொருளாதாரம். அதுக்கு முன்னாடி நான் எந்த மேடை ஏறினாலும் சொல்ற பழமொழியச் சொல்லிடறேன், நீங்களே சொல்லிடுவீங்க போல இருக்கு, சிரிக்கறீங்க. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

சரி, மார்க்குக்கு வருவோம். 1948ல ஆர்தர் ஷ்லெசிங்கர்னு ஹார்வர்ட் வரலாற்றுப் பேராசிரியர் ஒருத்தர், இன்னும் கொஞ்சம் வரலாற்றுக்காரங்க, மொத்தம் 55 பேர்கிட்ட கேட்டு, எந்த அதிபர் உசத்தி எந்த அதிபர் மட்டம்னு ஒரு லிஸ்ட் லைஃப் பத்திரிகையில போட்டார். லிங்கன் முதலிடம், வாஷிங்டன் ரெண்டாவது, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூணாவது. அதுக்கப்புறம் இந்த விளையாட்டு நிக்கவே இல்ல. சி-ஸ்பான்னு ஒரு டிவி, நாடாளுமன்றத்த லைவா காட்டற சேனல், அவங்க 2000, 2009, 2017, 2021ன்னு நாலு தடவை வரலாற்றுக்காரங்கள வச்சு பத்து சப்ஜெக்ட்ல மார்க் போட வச்சாங்க. நாலு தடவையும் லிங்கன்தான் ஃபர்ஸ்ட். கடைசி பெஞ்சும் மாறல, லிங்கனுக்கு முன்னாடி இருந்த ஜேம்ஸ் புக்கானன். நாடு ரெண்டா உடையறத வேடிக்கை பாத்துட்டு இருந்த மனுஷன்.

எனக்கு அந்த முதலும் கடைசியும் முக்கியமில்லைங்க, நடுவுல ஆடற ஆளுங்கதான் முக்கியம். ஐசனோவரை எடுத்துக்கங்க. 1962ல இதே மாதிரி ஒரு கணக்கெடுப்புல 31 பேர்ல அவருக்கு 22வது இடம். கோல்ஃப் ஆடிட்டு இருந்தார், வேலையெல்லாம் மந்திரிங்க பாத்தாங்கன்னு ஒரு பேச்சு. 2021ல அதே ஐசனோவர் அஞ்சாவது! செத்துப்போன மனுஷன் கல்லறையிலிருந்து எந்திரிச்சு வந்து நல்லாட்சி பண்ணாரா என்ன? அவர் செகரட்டரி ஆன் விட்மன் ஒழுங்கா அடுக்கி வச்சிருந்த ஃபைலுங்க கான்சாஸ் மாநிலம் அபிலீன்ல இருக்கற அவர் நூலகத்துல திறந்தாங்க, டைரி, கூட்டக் குறிப்பு, கடிதம் எல்லாம். படிச்சுப் பாத்தா கோல்ஃப் தாத்தா ஒவ்வொரு விஷயத்துலயும் கைய வச்சிருக்கார், வெளிய காட்டிக்கல, அவ்வளவுதான். கிராண்ட் 2000ல 33வது, 2021ல 20வது. ஜாக்சன் 13ல இருந்து 22க்கு இறங்கிட்டார், 1830ல செவ்விந்தியர்கள அவங்க மண்ணுலேருந்து வெரட்டற சட்டத்துல கையெழுத்துப் போட்டது இப்பத்தான் ஜனங்களுக்கு உறுத்துது. ட்ரூமன் 1952ல கேலப் கருத்துக்கணிப்புல 22 சதவீதம், நூத்துக்கு இருவத்திரெண்டு பேருக்குத்தான் புடிச்சிருந்தது, 2021ல ஆறாவது இடம். ஊரே திட்டறப்ப கண்ணால கண்டது பொய்யாப் போச்சு பாருங்க.

இப்ப ஒரு கதை. தம்பிங்க போன உள்ள வைங்க, இது கதையில்ல நிஜம், டேப் இருக்கு.

லிண்டன் ஜான்சன், டெக்சாஸ்காரர், கென்னடி சுடப்பட்டப்புறம் அதிபர் ஆனவர். ஆள் ஆறடி மூணங்குலத்துக்கு மேல. போன்னா உயிர், பேசறத டேப்ல பதிவும் பண்ணி வைப்பார். 1964 ஆகஸ்ட் 9ம் தேதி டல்லாஸ்ல பேன்ட் தைக்கற கம்பெனி ஓனர் ஜோ ஹேகருக்கு வெள்ளை மாளிகையிலேருந்து போன் போகுது. அதிபர் பேசறாராம்! அந்தாள் பாவம் என்னமோ ஏதோன்னு பதறிருப்பார். இவர் சாவகாசமா, உங்க கம்பெனி பேன்ட் நல்லாருக்கு, அதே மாதிரி இன்னும் கொஞ்சம் தச்சு அனுப்பணும்னு ஆரம்பிக்கறார். அப்புறம் அளவு சொல்றார் பாருங்க. பாக்கெட்ட இன்னும் ஒரு இஞ்ச் ஆழமா வைங்க, சேர்ல உக்காந்தா சில்லறையும் பேனாக்கத்தியும் வெளிய விழுந்துடுதுங்கறார். இடுப்புல துணிய உள்ள மடிச்சு விட்டுத் தைங்க, எனக்கு மாசத்துக்குப் பத்துப் பதினஞ்சு பவுண்டு ஏறும் இறங்கும், தேவைப்பட்டா பிரிச்சுக்கறேங்கறார். இது வரைக்கும் நம்ம வீட்ல தீபாவளிக்கு டெய்லர்கிட்ட சொல்றதுதானே. அடுத்தது கீழ, கால் ரெண்டும் பிரியற எடம், அங்க எப்பவும் புடிக்குது, கம்பி வேலி மேல உக்காந்து சவாரி பண்ற மாதிரி இருக்கு, எடம் விட்டுத் தைங்கங்கறார். அவர் சொன்ன வார்த்தைய அம்மா மேடையில இருக்கும்போது நான் சொல்ல மாட்டேன், டேப்ல கேட்டுக்கங்க. நடுவுல பெருசா ஒரு ஏப்பம் வேற, அதுவும் பதிவாகிருக்கு! கடைசில ஜோ ஹேகர், துணிய எங்க அனுப்பணும்னு கேக்கறார். எங்க அனுப்பறதாம்? வெள்ளை மாளிகைக்குத்தான்!

சிரிச்சாச்சா? இப்ப அந்தத் தேதியப் பாருங்க. ரெண்டு நாள் முன்னாடி, ஆகஸ்ட் 7, டோங்கின் வளைகுடா தீர்மானம் அமெரிக்க காங்கிரஸ்ல பாஸாகுது. மறுநாள், ஆகஸ்ட் 10, இவர் கையெழுத்துப் போடறார். வியட்நாம்ல என்ன வேணா பண்ணிக்கோன்னு அதிபர் கையில குடுத்த பிளாங்க் செக் அது. ரெண்டுக்கும் நடுவுலதான் பேன்ட்டு ஆர்டர். இதை விடக் கனமான டேப் ஒண்ணு இருக்கு, அதே வருஷம் மே 27. பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டிகிட்ட, இந்தச் சண்டை போடறதுக்கு லாயக்கே இல்ல, ஆனா வெளிய வரவும் வழி தெரியலங்கற அர்த்தத்துல ஜான்சன் பொலம்பறார். தெரிஞ்சே போனார்ங்க! 58,000க்கு மேல அமெரிக்கப் பசங்க செத்தாங்க, வியட்நாம்காரங்க கணக்கு லட்சக்கணக்குல. 1964லயே சட்டசபைக்காரனுக்கும் ஓட்டுப்போடறவனுக்கும் இந்த டேப் தெரிஞ்சிருந்தா என்ன ஆகிருக்கும்? ஜான்சன் அந்த டேப்பெல்லாம் தான் செத்து 50 வருஷத்துக்குத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனார். 1973ல செத்தார், அந்தக் கணக்குப்படி 2023 வரைக்கும் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கணும். ஆஸ்டின்ல இருக்கற அவர் நூலகத்துக்காரங்க டேப்பு கெட்டுப்போயிடும்னு பயந்து 90கள்லயே திறக்க ஆரம்பிச்சாங்க. நூலகர் அவர்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க, உலகத்துல உள்ள எல்லா நூலகருக்கும் சேத்துத்தான்.

அதே ஜான்சன்தான் 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 ஓட்டுரிமைச் சட்டம், வயசானவங்களுக்கு மெடிகேர், மூணையும் கொண்டு வந்தார். இப்ப இவருக்கு என்ன மார்க் போடுவீங்க? 2021ல சி-ஸ்பான்ல 11வது இடம் குடுத்திருக்காங்க. எனக்கு அந்த ஒத்த நம்பர் மேலயே நம்பிக்கை இல்ல, ஒரே கையெழுத்து ஒருத்தனுக்கு ஓட்டு குடுக்குது, இன்னொருத்தனச் சாவுக்கு அனுப்புது, ரெண்டையும் கூட்டி வகுத்தா என்ன வரும்?

நம்ம பங்கும் இதுல இருக்கு. 1965-66ல மழை பொய்ச்சு நாடே கோதுமைக்குக் கையேந்தினப்ப, மொத்தமா அனுப்பாம மாசா மாசம் பாத்துப் பாத்துக் கப்பல் விட்டது இதே ஜான்சன்தான். விவசாயக் கொள்கைய மாத்துங்கன்னு நெருக்கறது ஒரு பக்கம், வியட்நாம் பத்தி டெல்லி பேசினது பிடிக்கலங்கறது இன்னொரு பக்கம். அப்ப உணவு மந்திரி நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். 1965 நவம்பர்ல ரோம்ல அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனோட உக்காந்து ஒப்பந்தம் பேசினார், அடுத்த வருஷம் மெக்சிகோவிலேருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறங்குச்சு. ஜான்சன் நம்மளக் கொடுமைப்படுத்தினாரா, தட்டி எழுப்பினாரான்னு இன்னும் சண்டை நடக்குது, பரவால்ல, நடக்கட்டும், பேப்பர் இருக்கறதாலதானே சண்டையாவது நடக்குது.

ரெண்டாவது விஷயம், போர். அதுல பாதி சொல்லிட்டேன்னு நெனைக்கறேன். ஜான்சனுக்கு அடுத்து வந்த நிக்சனை மட்டும் தொட்டுட்டுப் போறேன். 1971ல கிழக்குப் பாகிஸ்தான்ல ஜனங்களக் கொல்றாங்கன்னு டாக்கா அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் ஏப்ரல் 6ம் தேதி தந்தி அடிச்சார், 20 அதிகாரிங்க கையெழுத்துப் போட்டாங்க. நிக்சன் என்ன பண்ணார்? அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டார். அந்த வருஷக் கடைசியில வங்காள விரிகுடாவுக்குக் கப்பற்படை வேற. இந்திரா காந்தியப் பத்தி அவரும் அவர் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் ரூம்ல அசிங்கமாப் பேசினது 2005ல வெளிய வந்துச்சு, கிஸ்ஸிங்கர் வருத்தம் தெரிவிச்சார். எதுல வந்துச்சு? நிக்சன் தானே வச்ச டேப்ல! அதே டேப்தான் வாட்டர்கேட்ல, அதான் எதிர்க்கட்சி ஆபீசுக்குள்ள ஆளுங்க புகுந்து மாட்டின விவகாரத்துல, அவரைக் கவுத்துச்சு. 1973 ஜூலைல பட்டர்ஃபீல்டுங்கற உதவியாளர் டேப் இருக்குன்னு விசாரணையில போட்டு உடைச்சார், அடுத்த ஜூலைல சுப்ரீம் கோர்ட் 8-0ன்னு ஒப்படைன்னு சொல்லுச்சு, ஆகஸ்ட் 9 ராஜினாமா. ஒரு டேப்ல பதினெட்டரை நிமிஷம் மட்டும் அழிஞ்சிருந்தது, எப்படி அழிஞ்சதுன்னு இன்னிக்கும் தெரியல. ஆக, காதால் கேட்பதும் பொய்யிங்க, யாராவது அழிச்சிட்டா கேக்கறதுக்கே இருக்காது. தீர விசாரிக்கணும்னா ஏடு இருக்கணும்!

அதுக்கு முன்னாடியெல்லாம் அதிபர் பேப்பர் அவர் சொந்தச் சொத்து. செஸ்டர் ஆர்தர் சாகப்போற சமயத்துல கட்டுக்கட்டா எரிக்கச் சொல்லிட்டார். அரசு வேலைக்குப் பரீட்சை வைக்கணும்னு 1883ல நல்ல சட்டத்துல கையெழுத்துப் போட்ட மனுஷன், பாவம், அவரைப் பத்தி எழுதறவனுக்குக் கையில சாம்பல்தான். நிக்சன் கூத்துக்கப்புறம் 1978ல சட்டம் போட்டாங்க, அதிபர் காகிதம் நாட்டோட சொத்து, பதவி முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்கப்புறம் ஜனங்க கேக்கலாம், ரகசியம்னா சிலது பன்னெண்டு வருஷம் வரை.

இப்ப நான் எங்க வர்றேன்னு தலைமையாசிரியர் அய்யாவுக்குப் புரிஞ்சிடுச்சு, சிரிக்கறார். ஆமா, தீர்மானப் புத்தகம்தான்! நம்ம நாட்டுல மத்திய அரசு ஆபீசுகளுக்கு 1993லயே ஆவணச் சட்டம் இருக்கு, எழும்பூர்ல ஆவணக் காப்பகம் இருக்கு, ஆனா கிராமத்துல? பக்கத்துல ஒரு பஞ்சாயத்து, பேர் வேணாம், பழைய ஆபீச இடிச்சுக் கட்டறப்ப தீர்மானப் புத்தகமெல்லாம் எடைக்குப் போயிடுச்சு. அந்த ஊர் ஏரியில யாருக்கு எவ்வளவு நீர்ப்பங்குன்னு எழுதி வச்சதும் சேர்ந்துதான் போச்சு. அந்தக் காலத் தலைவர் நல்லவரா திருடனா? ரெண்டு பக்கமும் சத்தியம் பண்றாங்க, காட்டறதுக்கு ஒரு தாள் இல்ல. ஐசனோவருக்கு ஒரு ஆன் விட்மன் இருந்தாங்க, அந்தத் தலைவருக்கு எடைக்கடைத் தராசு. அம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது, நம்ம பேரூராட்சிய சொல்லல, நீங்க போன மாசம் ரிக்கார்டு ரூமைத் திறந்து காட்டினதே பெரிய விஷயம், அந்த நன்றிய மேடையிலேயே சொல்லிக்கறேன்.

நாங்க கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. தீர்மானப் புத்தகம், கூட்டுறவுச் சங்க மினிட் புக், பழைய பள்ளிக்கூட சேர்க்கைப் பதிவேடு, இதெல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு காப்பி நூலகத்துல இருக்கணும். ஆள் பேர், சாதி மாதிரி வெளிய விடக் கூடாத பக்கம் இருந்தா அமெரிக்காக்காரன் மாதிரி காலக்கெடு வச்சு மூடி வைக்கட்டும், எரிக்க வேணாம், எடைக்கும் போட வேணாம். தீர விசாரிப்பதே மெய்னு சொல்ற ஊர்ல விசாரிக்க ஒரு தாளாவது மிஞ்சட்டும்.

மூணாவதா பொருளாதாரம்... அய்யா மணியப் பாக்கறார். ஹூவர், ரூஸ்வெல்ட், கார்ட்டர் காலத்து வெலவாசி எல்லாம் குறிப்பு எடுத்துட்டு வந்தேன், இன்னொரு கூட்டம் வச்சா பேசறேன். வாசல்ல ஒரு மேசை போட்டு மனு வச்சிருக்கோம், கலெக்டர் ஆபீசுக்குப் போற மனு. பேர், தெரு, கையெழுத்து, அவ்வளவுதான், போன் நம்பர் வேணாம். டீ அதுக்குப் பக்கத்து மேசையிலதான் வச்சிருக்கு, வேணும்னேதான் அப்படி வச்சோம். வக்கீல் சார், மனுவுல முதல் கையெழுத்து உங்களது. நன்றி, வணக்கம்.