இடுப்பு பெல்ட்டும் கம்பளி நூலும்

எல்லாருக்கும் வணக்கம். கூப்பிட்டு பேச சொன்ன வானொலி நிலையத்துக்கு ரொம்ப நன்றி. பதினஞ்சு நிமிஷம் கொடுத்திருக்காங்க, பேசப்போறது கையால கம்பளி பின்னுற நிட்டிங் பத்தி, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

முதல்ல ஒரு காரியம் பண்ணுங்க. நீங்க போட்டிருக்கிற பனியனோ டீ ஷர்ட்டோ, அதோட ஓரத்தை இழுத்து கண்ணுக்கு கிட்ட வெச்சு பாருங்க. வண்டி ஓட்டிக்கிட்டு கேக்குறவங்க வீட்டுக்கு போய் பாருங்க. வெளிப்பக்கம் குட்டி குட்டியா இங்கிலீஷ் வி எழுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன மாதிரி தெரியும், உள்பக்கம் திருப்புனா மேடு மேடா அரைவட்டம் தெரியும். புடவை வேட்டில இது இருக்காது, அது நெசவு, பாவும் ஊடும் குறுக்க நெடுக்க போறது. பனியன்ல ஒரே நூலு கண்ணி கண்ணியா வளைஞ்சு, கீழ் வரிசை கண்ணிக்குள்ள மேல் வரிசை கண்ணி நுழைஞ்சு நுழைஞ்சு மேல ஏறிக்கிட்டே போகும், அதனாலதான் இழுத்தா நீளுது, விட்டா பழையபடி ஆகிடுது. திருப்பூர்ல மெஷின் பண்றது இதைத்தான். இதையே கம்பளி நூலும் கம்பியும் வெச்சு கையால பண்றதுதான் நிட்டிங். கண்ணிக்குள்ள கம்பியை குத்தணும், நூலை சுத்தணும், வெளிய இழுக்கணும், பழைய கண்ணியை இறக்கி விடணும், அவ்வளவுதான், மீதி எல்லாமே இதுலேர்ந்து வந்ததுதான்.

நான் இதை சின்ன வயசுல ஸ்கூல்ல கத்துக்கிட்டது, எப்பவும் விட்டதில்ல. ஆனா பழைய முறையில, பரம்பரையா பண்றவங்ககிட்ட உக்காந்து கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அதுக்காக போனது ஷெட்லாண்ட். மேப்ல ஸ்காட்லாந்துக்கும் வடக்க, கடல் நடுவுல இருக்கும், ஸ்காட்லாந்து துறைமுகம் அபர்டீன்ல சாயங்காலம் கப்பல் ஏறுனா விடியக்காலைல ஷெட்லாண்டோட முக்கிய ஊரான லெர்விக்ல இறக்கி விடுவாங்க. 100 தீவுக்கு மேல இருக்கு, அதுல ஜனம் இருக்கிறது 16 தீவுலதான், மொத்தமா சேத்தாலும் 23,000 பேர் சுமாருக்கு. மரம்னு பாக்குறது அபூர்வம், எங்க பாத்தாலும் புல்லு, கல்லு, காத்து, ஆடு. ஜூன் மாசம் ராத்திரி பதினோரு மணிக்கும் லைட் போடாம பின்னலாம், அவ்வளவு வெளிச்சம்.

அந்த ஆட்டை பத்தி சொல்லாம மேல போக முடியாது. ஷெட்லாண்ட் ஆடு சின்ன ஆடு, ஆனா அதோட ரோமம் அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு சன்னம். வெள்ளை மட்டும் இல்லாம கருப்பு, செம்பழுப்பு, சாம்பல்லயே பலவிதம்னு இயற்கையாவே இருக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் அங்க தனித்தனி பேர் வெச்சிருக்காங்க, செம்பழுப்புக்கு மூரிட்டுன்னு சொல்வாங்க. முன்னெல்லாம் கத்தரிக்கோல் போடுறதே கிடையாது, கோடை ஆரம்பத்துல பழைய ரோமம் தானா கழண்டு வர்ற நேரம் பாத்து கையாலயே மெதுவா பிடுங்கி எடுப்பாங்க. வெட்டுன நுனி இருக்காதுங்கிறதால நூலு இன்னும் மிருதுவா வரும்.

கத்துக்க வந்த நாங்க எல்லாம் தங்குனது மேற்கு பக்கம் ஒரு பழைய விவசாயி வீடு, கல் சுவரு, சின்ன ஜன்னலு, வாசல்லேர்ந்து பாத்தா கடலு. இந்த மாதிரி ஒதுக்குப்புறமா போய் தங்கி கத்துக்கிற ரிட்ரீட்டுக்கு விளம்பரம் பண்றவங்க மனசு அமைதி, டென்ஷன் குறையும், போனை தூக்கி போடுங்கன்னு சொல்றாங்க. அதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கல. ஆனா இன்னிக்கு நான் சொல்ல வந்தது வேற. இந்த பின்னல் ஓய்வு நேரத்துக்காக வந்த கலை இல்லைங்க. இது வேலை. அந்த ஊரு பொம்பளைங்க ராப்பகலா பண்ணி குடும்பத்தை காப்பாத்துன வேலை. அந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு புரியாம டிசைனை மட்டும் கத்துக்கிட்டு வந்தா பாதிதான் கத்துக்கிட்டோம்னு அர்த்தம்.

இதை எனக்கு புரிய வெச்சது ஒரு பெல்ட்டு. பெல்ட்டை பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், எனக்கு அவ்வளவு பிரியம் அது மேல. மேக்கின் பெல்ட்டுன்னு சொல்வாங்க. இடுப்புல கட்டுற சாதாரண தோல் பெல்ட்டுதான், ஆனா அதுல ஒரு இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டு தெச்சிருக்கும், உள்ள குதிரை முடி கெட்டியா அடைச்சிருக்கும், மேல் தோல்ல நிறைய ஓட்டை. திண்டு வலது பக்கமா வர்ற மாதிரி கட்டிக்கணும். கம்பி ரெண்டு முனையும் கூரா, நீளமா இருக்கும். வலது கம்பியோட பின் முனையை அந்த ஓட்டை ஒண்ணுல செருகுனா குதிரை முடி அதை கப்புனு புடிச்சுக்கும். இப்போ வலது கம்பியை கை புடிக்க வேண்டிய அவசியமே இல்ல. நம்ம ஊர்ல பூ கட்டுறவங்க நாரை கால் கட்டைவிரல்ல மாட்டி இழுத்து வெச்சுக்கிட்டு ரெண்டு கையும் ப்ரீயா வெச்சு கட்டுவாங்க இல்லையா, அதே சூத்திரம்தான், அங்க கால் விரல் செய்யுற வேலையை இங்க இடுப்பு செய்யுது.

சொல்லிக்கொடுத்தவங்க எழுபதை தாண்டுன ஒரு அம்மா. முதல் நாள் எனக்கு பெல்ட்டை கட்டிவிட்டு, கம்பியை செருகி, பின்ன சொல்லிட்டு கொஞ்ச நேரம் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "பெல்ட்டுதான் புடிச்சிருக்கே, நீங்க எதுக்கு புடிக்கிறீங்க, விடுங்க"ன்னாங்க. கையை தளர்த்துனேன், கம்பி அப்படியே நிக்குது. ஆள்காட்டி விரலு கம்பி நுனிக்கு பக்கத்துலயே இருக்கு, அந்த விரலை ஒரு நூலளவு ஆட்டுனா போதும், நூலு சுத்திக்கிட்டு கண்ணி வந்துடுது. தோள்பட்டை அசையல, முழங்கை அசையல, மணிக்கட்டு கூட அசையல. பல வருஷமா தோள்வலியோட பின்னுனவ நான், அன்னிக்கு சாயங்காலம் வலியே இல்ல.

அந்த அம்மா வேகத்தை என்னால வார்த்தைல சொல்ல முடியாது. எங்க கூட பேசிக்கிட்டே இருப்பாங்க, கெட்டில் விசில் அடிச்சா எழுந்து போய் ஒரு கையால அடுப்பை அணைப்பாங்க, பின்னல் இடுப்புல அப்படியே தொங்காம நிக்கும், ஒரு கண்ணி நழுவாது. ஒரு நாள் வேலிக்கு வெளிய ஆடு ஒண்ணு போயிடுச்சு, பின்னிக்கிட்டே நடந்து போய், கேட்டை இடுப்பால தள்ளி திறந்து, ஆட்டை வாயாலயே அதட்டி உள்ள வரவெச்சு, பின்னிக்கிட்டே திரும்பி வந்து உக்காந்தாங்க. நடந்துக்கிட்டே பின்னணும்ங்கிறதுக்குத்தானே அந்த பெல்ட்டே. ஷெட்லாண்ட் மியூசியத்துல பழைய போட்டோ நிறைய இருக்கு, பொம்பளைங்க முதுகுல கூடை நிறைய பீட், அதாவது அடுப்பெரிக்க சதுப்பு நிலத்துல வெட்டி காயவெச்ச மண்ணு, அவ்வளவு பாரத்தோட மேட்டுல நடந்து வர்றாங்க, கை சும்மா இல்ல, பின்னிக்கிட்டு இருக்கு. ஆம்பளைங்க மீன் புடிக்க கடலுக்கு போயிடுவாங்க, நிலம், ஆடு, அடுப்பு, புள்ளைங்க எல்லாம் இவங்க தலையில, அதுக்கு நடுவுல கிடைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பின்னல்.

சரி, இவ்வளவு பின்னுனாங்களே, காசு வந்துச்சா? இங்கதாங்க எனக்கு மனசு பொறுக்காது. 19ம் நூற்றாண்டுல பெரும்பாலும் பணமா கொடுக்கல. சால்வையோ காலுறையோ பின்னி கடைக்காரர்கிட்ட கொண்டு போனா, அவர் தன் கடையில இருக்கிற டீத்தூளு, துணின்னு சாமானாத்தான் கொடுப்பாரு. வீட்ல மாவு இல்ல, ஆனா கைக்கு கிடைச்சது டீத்தூளு, அப்புறம் அந்த டீத்தூளை இன்னொரு வீட்ல கொடுத்து மாவு வாங்கணும். ட்ரக் முறைன்னு இதுக்கு பேரு. பிரிட்டிஷ் அரசாங்கம் விசாரணை கமிஷன் போட்டு, 1872ல ஷெட்லாண்டுக்குன்னே தனி அறிக்கை வந்துச்சு, அதுல பின்னுற பொம்பளைங்க கமிஷன் முன்னாடி நின்னு சொன்ன சாட்சி வரி வரியா பதிவாகியிருக்கு. நிட்டிங் பிடிச்சவங்க யாரா இருந்தாலும் அதை ஒரு தடவை படிக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், உங்ககிட்டயும் சொல்றேன்.

அடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபேர் ஐல் டிசைன். ஃபேர் ஐல்ங்கிறது ஷெட்லாண்டுக்கும் அதுக்கு தெற்க இருக்கிற ஆர்க்னி தீவுகளுக்கும் நடுவுல தனியா கிடக்குற ஒரு குட்டி தீவு. ஸ்வெட்டர் முழுக்க பட்டை பட்டையா, வட்டமும் பெருக்கல் குறியும் மாறி மாறி, பத்து கலர் இருக்கிற மாதிரி தெரியும். ஆனா எந்த வரிசைய எடுத்தாலும் ரெண்டே கலர்தான். ஒரு கலர் பின்னும்போது இன்னொரு கலர் நூலு பின்பக்கமா சும்மா கூடவே போகும், அதை ரொம்ப இழுத்தா துணி சுருங்கும், ரொம்ப விட்டா விரல் மாட்டிக்கும். அதனால ஒரே கலர் தொடர்ந்து ஏழு கண்ணிக்கு மேல போகாத மாதிரித்தான் பழைய டிசைன் பெரும்பாலும் இருக்கும். பின்னாடி நூல் போறதால துணி ரெண்டு மடங்கு கனம், கடல் காத்துக்கு அது வேணும்.

இந்த டிசைனை ஸ்பெயின்காரங்க சொல்லிக்கொடுத்தாங்கன்னு ஒரு கதை உண்டு. 1588ல ஸ்பெயின் படையோட எல் கிரான் கிரிஃபோன்ங்கிற கப்பல் ஃபேர் ஐல்ல மோதி உடைஞ்சது, அது உண்மை, ஆனா அந்த மாலுமிங்க டிசைன் சொல்லிக்கொடுத்தாங்கங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. ஏழை பொம்பளைங்க தாங்களே யோசிச்சு பண்ணியிருப்பாங்கன்னு நம்ப ஏன் இவ்வளவு கஷ்டம்னு எனக்கு தோணும். ஆதாரம்னு பாத்தா 1951ல கன்னிஸ்டர்ங்கிற இடத்துல பீட் வெட்டும்போது ஒரு மனுஷன் புதைஞ்சிருந்தது கிடைச்சது, 17ம் நூற்றாண்டு கடைசியில செத்தவரு. உடம்பு போயிடுச்சு, ஆனா தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் அந்த மண்ணுல கெடாம இருந்துச்சு, கூட ஒரு சின்ன பணப்பை, சாம்பல் நிறத்துல, சிவப்பும் வெள்ளையும் வெச்சு டிசைன் போட்டது. ஷெட்லாண்ட்ல கிடைச்சதுலயே பழைய கலர் பின்னல் அதுதான். அப்புறம் 1922ல, பின்னாடி எட்டாம் எட்வர்டு ராஜா ஆன பிரிட்டன் இளவரசர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப்புக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போனாரு, உலகமே அதை கேக்க ஆரம்பிச்சுது.

பெல்ட்டுக்கு அப்புறம் எனக்கு ரெண்டாவது பிரமிப்பு கத்தரிக்கோல். இந்த ஸ்வெட்டரை முன்பக்கம் பின்பக்கம்னு தனித்தனியா பின்ன மாட்டாங்க, ஒரே குழாயா சுத்தி சுத்தி தோள் வரைக்கும் பின்னுவாங்க, அப்பதான் டிசைன் எப்பவும் கண்ணு முன்னாடி இருக்கும். அப்போ கை எங்க? முன்பக்க திறப்பு எங்க? அந்த இடத்துல பாலம் மாதிரி கூடுதலா கொஞ்சம் கண்ணி பின்னி வெச்சிருப்பாங்க, ஸ்டீக்னு பேரு. முழுசா முடிஞ்சதும் கத்தரிக்கோல் எடுத்து அதோட நட்ட நடுவுல நேரா வெட்டிடுவாங்க! ஆமாங்க, வாரக்கணக்கா பின்னுனதை வெட்டுறது. அந்த அம்மா மேஜைல துணியை விரிச்சு முதல் வெட்டு போட்டப்போ ரூம்ல யாரும் மூச்சு விடல. பக்கத்துல போய் பாத்தேன், வெட்டுன ஓரத்துல நூல் நுனியெல்லாம் குச்சி குச்சியா நிக்குது, ஒண்ணு கூட பிரிஞ்சு ஓடல. காரணம் அந்த ஆட்டு ரோமம்தான், அதுல கண்ணுக்கு தெரியாத செதில் இருக்கு, பக்கத்து பக்கத்து இழை ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். வழுக்குற செயற்கை நூல்ல இப்படி வெட்டி பாக்காதீங்க, பிரிஞ்சு போயிடும். இதுக்குத்தான் சொல்றேன், ஆடு, நூலு, பெல்ட்டு, டிசைன் எல்லாம் ஒரே கட்டு, ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டு வர முடியாது.

இன்னொரு வருத்தமான விஷயம், அந்த தீவுல ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு நிட்டிங் பாடமாவே இருந்துச்சு, செலவை குறைக்கணும்னு 2010ல நிறுத்திட்டாங்க. அதே 2010லதான் ஷெட்லாண்ட் ஊல் வீக்குன்னு திருவிழா ஆரம்பிச்சு இன்னிக்கு உலகம் முழுக்க ஆளுங்க வர்றாங்க. வெளியூர்லேர்ந்து நாங்க போய் கத்துக்கிறோம், உள்ளூர் பிள்ளைக்கு ஸ்கூல்ல கிடையாதுன்னா அது நியாயமாங்க? நல்லவேளை பீரி மேக்கர்ஸ்னு ஒரு அமைப்புல பின்னத் தெரிஞ்சவங்க சம்பளம் வாங்காம பிள்ளைங்களுக்கு கத்துக்கொடுக்குறாங்க, பெல்ட்டு கட்டித்தான் சொல்லித்தர்றாங்க.

கண்ணாடிக்கு அந்த பக்கம் கை காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். லேஸ் சால்வை பத்தி நிறைய சொல்ல நினைச்சிருந்தேன், சுருக்கமா சொல்லிடுறேன். வடக்கு கோடியில அன்ஸ்ட்னு ஒரு தீவு, அங்க தலைமுடியை விட சன்னமா கையால நூத்து சால்வை பின்னுவாங்க, ஆளு உயரத்துக்கு இருக்கிற சால்வை கல்யாண மோதிரத்துக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்துடும். பின்னி முடிச்சதும் கசங்குன துணி மாதிரித்தான் இருக்கும், நனைச்சு மரச்சட்டத்துல நாலு பக்கமும் இழுத்து கட்டி காயவெச்சாதான் அலை, பூனைப்பாதம்னு டிசைன் எல்லாம் விரிஞ்சு தெரியும். அன்ஸ்ட் ஹெரிட்டேஜ் சென்டர்ல பாக்கலாம், போறவங்க கட்டாயம் பாருங்க.

கத்துக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, ஊல் வீக் செப்டம்பர் கடைசியில நடக்கும், கப்பல் டிக்கெட்டும் தங்குற இடமும் முன்னாடியே போட்டுடுங்க. அங்க கையால பின்னுனதை வாங்கும்போது தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க. பெல்ட்டு பத்தி கேக்க விரும்புறவங்க நிலையத்துக்கு எழுதுங்க, நான் பதில் சொல்றேன். நன்றி, வணக்கம்.