வீட்டுக்குத் துணையாக ஒரு குதிரை

நேயர்களுக்கு வணக்கம். பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் ஊரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர் இப்போது இல்லை. பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பெயர் அல் பிர்வா. இன்றைய இஸ்ரேலின் வடக்கே உள்ள கலிலேயாப் பகுதியில், அக்கா என்ற கடலோர நகரத்துக்குக் கிழக்கே இருந்தது. அக்கா என்றதும் சிரிக்காதீர்கள், அரபியில் அந்த நகரத்தின் பெயரே அதுதான். சுமார் 1,500 பேர் வாழ்ந்த விவசாயக் கிராமம். தர்வீஷ் 1941-இல் அங்கே பிறந்தார். 1948-இல் இஸ்ரேலியப் படை ஊரைப் பிடித்தபோது குடும்பம் லெபனானுக்கு ஓடியது. பையனுக்கு ஏழு வயது. மறு ஆண்டு யாருக்கும் தெரியாமல் எல்லை தாண்டித் திரும்பி வந்தார்கள். ஊர் தரைமட்டமாகிக் கிடந்தது. அந்த நிலத்தில் வேறு ஆட்களின் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு கொடுமை. இஸ்ரேல் மக்கள் கணக்கெடுப்பு நடத்திய சமயத்தில் இவர்கள் லெபனானில் இருந்தார்கள். அதனால் சட்டத்தின் கண்ணில் 'இருந்தும் இல்லாதவர்கள்' ஆனார்கள். பக்கத்து ஊரில் வாழலாம், சொந்த ஊருக்குக் குடிபோக முடியாது. 1970-இல்தான் தர்வீஷ் நாட்டை விட்டு வெளியேறினார். என்னைக் கேட்டால், அதற்கு இருபது வருடம் முன்பே அவர் அகதிதான்.

சரி, எழுத்தில் அந்த ஊர் எப்படி வருகிறது? தெருத்தெருவாக வர்ணித்திருப்பார் என்று நினைத்துத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். அப்படி எதுவும் இல்லை. ஓர் ஏழு வயதுப் பையன் கண்ணில் என்ன பட்டிருக்குமோ அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குதிரை. ஒரு கிணறு. கொஞ்சம் சப்பாத்திக்கள்ளி.

1995-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 'குதிரையை ஏன் தனியாக விட்டாய்' என்பது தலைப்பு. அதில் ஒரு கவிதை முழுக்க அப்பாவும் மகனும் ஊரை விட்டு நடக்கும் நடைதான். நமக்குப் பிறகு வீட்டில் யார் இருப்பார்கள் என்று பையன் கேட்கிறான். விட்டது விட்டபடியே இருக்கும் என்கிறார் அப்பா. நடுவில், தன் கைகால் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். இருக்கிறது. நிம்மதி. அப்புறம் பையன் கேட்கிறான், குதிரையை மட்டும் ஏன் விட்டுவிட்டு வந்தோம்? வீட்டுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான், ஆள் இல்லாவிட்டால் வீடு செத்துப்போகும் என்கிறார் அப்பா.

எனக்கு அரபி தெரியாது. ஆங்கிலத்தில் படித்தபோது இந்த இடம் என்னவோ ஒட்டவில்லை. மனசுக்குள் 'துணைக்கு' என்று போட்டுப் பார்த்தேன், உடனே உட்கார்ந்துகொண்டது. தனியாகப் படுக்கிற பாட்டிக்குப் பேரனைத் துணைக்கு அனுப்புகிறோமே, அந்தத் துணை.

சப்பாத்திக்கள்ளிக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அதுதான் வேலி. வீடுகளை இடித்துத் தள்ளினாலும் கள்ளி மறுபடி துளிர்த்துவிடும். இன்றைக்கும் வெறும் மேட்டில் வரிசையாகக் கள்ளி நின்றால், அங்கே ஒரு ஊர் இருந்தது என்று புரிந்துகொள்கிறார்கள். அரபியில் கள்ளிக்கான சொல்லும் பொறுமைக்கான சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நான் சொன்ன அப்பா–மகன் கவிதையின் பெயரிலேயே கள்ளி இருக்கிறது.

அவர் எழுதியதிலேயே ஊர் ஊராகப் பரவியது அம்மாவைப் பற்றிய கவிதை. இளம் வயதில் இஸ்ரேலியச் சிறையில் இருந்தபோது எழுதியது. அம்மா சுட்ட ரொட்டிக்கும் அவள் போட்ட காபிக்கும் ஏங்குகிறேன் என்று தொடங்கும். லெபனான் பாடகர் மார்செல் கலீஃபே பாடி அரபு உலகம் முழுக்க ஒலித்தது. அம்மா என்றால் தாய்நாடு என்று பலரும் விளக்கம் எழுதினார்கள். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. சிறைக்குள் இருக்கும் ஒரு பையனுக்குக் காபி என்றால் காபிதான்.

மாஸ்கோ, கெய்ரோ, பெய்ரூத், துனிஸ், பாரிஸ் என்று சுற்றிவிட்டு 1996-இல் பாலஸ்தீன நகரமான ரமல்லாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து அல் பிர்வா கார் போகும் தூரம்தான். 2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டனில், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். ரமல்லாவில் ஒரு குன்றின் மேல் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கவிதையில் பையன் இன்னொன்றும் கேட்கிறான், எப்போது திரும்பிப் போவோம் என்று. நாளைக்கு, இல்லாவிட்டால் இரண்டு நாளில் என்கிறார் அப்பா.

நன்றி, வணக்கம்.