பழைய லேப்டாப்பின் ஆயுளை முடிவு செய்வது யார்?

[திரையில்: மேசைமேல் ஒரு திங்க்பேட் டி430, அடிப்பக்க மூடி கழற்றிய நிலையில்]

வணக்கம். நீங்கள் பார்க்கும் இந்த லேப்டாப் 2012-ஆம் ஆண்டு மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். இந்த ஸ்கிரிப்டை எழுதியது இதில்தான். நீங்கள் கேட்கும் குரலை ஆடாசிட்டியில் எடிட் செய்ததும் இதில்தான். ஆனால் விண்டோஸ் 11-இன் கணக்கில் இந்த மெஷினுக்கு இடமே கிடையாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதிலிருந்து, 'லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா' என்று கேட்காத ஆளில்லை. பெரும்பாலும் வேண்டாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன். எந்தெந்த மெஷினுக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த நிபந்தனையைப் பார்ப்போம். 2021 ஜூனில் விண்டோஸ் 11-ஐ அறிவித்தபோது, இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும், ரகசியக் குறியீடுகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 என்ற வசதி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. 8-ஆம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017 ஆகஸ்டில்தான். அந்த வருஷத் தொடக்கத்தில் நல்ல விலை கொடுத்து 7-ஆம் தலைமுறை ஐ7 வாங்கியவருக்கு ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனை என்று சொன்னார்கள். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. டிபிஎம், நம்பகமான மென்பொருளோடு மட்டும் மெஷினைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் எல்லாமே பயனுள்ள விஷயங்கள். ஆனால் 7-ஆம் தலைமுறை லேப்டாப் பிராசசர்களில் ஐ7-7820எச்கியூ என்ற ஒன்றை மட்டும் அப்புறம் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்டே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்தது அந்த பிராசசர்தான். அதோடு ஒரே குடும்பத்தில் பிறந்த மற்ற சிப்புகள் வெளியே நின்றன. அவை பழுதாகவில்லை, வேகமும் குறையவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடக்கூடிய மென்பொருளை, நான் இவ்வளவு பிடிவாதமாக ஆதரிப்பதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான். இலவசமாகக் கிடைக்கிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பட்டியல் போடும் அதிகாரம் ஒரே ஒருவர் கையில் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

[திரையில்: 'ரேடியான் 9700, 2002' என்ற எழுத்து, கார்டின் படம்]

ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் கதையைக் கேளுங்கள். ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 வந்தது 2002-இல். அதிலிருந்த சிப்புக்கு ஆர்300 என்று பெயர். 2006-இல் ஏடிஐயை ஏஎம்டி வாங்கியது. 2009-இல் அந்தத் தலைமுறைக் கார்டுகளை, கார்டை இயக்கும் தன் சொந்த டிரைவர் மென்பொருளிலிருந்து ஏஎம்டி எடுத்துவிட்டது. நிறுவனத்தைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே சில ஆர்வலர்கள் அந்தச் சிப் எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்தே துருவிப் பார்த்து, தாங்களே ஒரு டிரைவர் எழுதத் தொடங்கியிருந்தார்கள். 2007 முதல் ஏஎம்டியும் தன் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. இன்றைக்கு மெசா என்ற கட்டற்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் திட்டத்துக்குள் ஆர்300 டிரைவர் இருக்கிறது. கார்டு வந்து 20 வருஷம் கடந்த பிறகும் அதில் திருத்தங்கள் வந்தன. சம்பளத்துக்காக அல்ல, விருப்பத்துக்காக உட்கார்ந்து எழுதியவர்களால் வந்தன.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைக் கார்டுகளுக்கான 340 டிரைவருக்கு 2019 இறுதியில் ஆதரவு முடிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம், வெளியே தெரியும் சின்னப் பகுதிக்கு ஆர்வலர்கள் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் பெரிய பகுதி மூடிய பெட்டி, அதில் யாரும் கை வைக்க முடியாது. நூவோ என்ற கட்டற்ற டிரைவர் திரையைக் காட்டிவிடும், சினிமா பார்க்கலாம். அந்தக் கார்டின் முழு வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, கட்டற்ற மென்பொருள் உலகத்தில் பழையதைக் கைவிடுவதே இல்லையா? கைவிடுகிறார்கள். இதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுத ஆரம்பித்தது இன்டெல் 386 பிராசசரில். அந்த 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டோர்வால்ட்ஸ் அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. எனக்கும் வருத்தமில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகை, பழைய 32-பிட் பிராசசர்களுக்கான இன்ஸ்டாலரை நிறுத்தியபோது மனசு சங்கடப்பட்டது. 2008 வாக்கில் இன்டெல் ஆட்டம் சிப்போடு வந்த குட்டி நெட்புக்குகள் நினைவிருக்கிறதா? அவற்றில் பல 32-பிட். சும்மா டைப் அடிக்க அவ்வளவு வசதியானவை. அந்த டெவலப்பர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. 32-பிட் மெஷின் கையில் இருந்து, ஒவ்வொரு பதிப்பையும் அதில் போட்டுச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அப்படியானால் மைக்ரோசாஃப்டுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

2025-இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 வெளியானது. அது ஓட ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு பிராசசரில் இருக்க வேண்டும். இன்டெல்லில் அது 2013-இல் வந்த ஹாஸ்வெல்லிலிருந்துதான் உண்டு. அதாவது என் மேசையில் இருக்கும் இந்த டி430-யில் அது ஓடாது. லினக்ஸ் நிறுவனமும் அதே மாதிரி ஒரு கோட்டைக் கிழித்துவிட்டது, பார்த்தீர்களா? ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ரெட் ஹாட்டுக்கு இணையாக ஆல்மாலினக்ஸ் என்ற சமூகத் திட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் தங்கள் 10-ஆம் பதிப்பை வெளியிட்டபோது, ஏவிஎக்ஸ்2 இல்லாத பழைய சிப்புகளுக்கென்று தனியாக ஒரு பதிப்பையும் தயாரித்துக் கொடுத்தார்கள். மூலநிரல் திறந்திருக்கிறது, எடுத்தார்கள், பழைய சிப்புக்குப் பொருந்தும்படி கம்பைல் செய்தார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. என் டி430 அந்தப் பதிப்பில் ஓடும். விண்டோஸ் 11-ஐ இப்படி எடுத்து 7-ஆம் தலைமுறைக்கென்று மாற்றி வெளியிட உலகத்தில் யாருக்கும் உரிமை கிடையாது.

32-பிட்டுக்கும் இதே நிலைதான். டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. அதை அடிப்படையாக வைத்து வந்த ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ் வகைக்கு 32-பிட் பதிப்பு இருக்கிறது. நெட்புக் வைத்திருப்பவர்கள் அதைப் பாருங்கள்.

[திரையில்: சிஸ்டம் மானிட்டர், நினைவகக் கோடு]

இப்போது நடைமுறைக்கு வருவோம். லினக்ஸ் போட்டாலே பழைய மெஷின் பறக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கோட்டைப் பாருங்கள். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின், எளிய எக்ஸ்எஃப்சிஇ திரையமைப்பு கொண்ட பதிப்பு, வேறெதுவும் திறக்கவில்லை. ஒரு ஜிபிக்குள் அடங்கிவிட்டது. இப்போது ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கிறேன். ஒரு மெயில் டேப், ஒரு செய்தித்தளம், ஒரு யூடியூப். கோடு எப்படி ஏறுகிறது பாருங்கள். நினைவகத்தைத் தின்பது பிரவுசர், அதற்குள் ஓடும் விளம்பரங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைப் போட்டு அதே செய்தித்தளத்தைத் திறந்தால் கோடு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

யூடியூபில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவத்தில் வீடியோவை அனுப்புகிறது. இந்த லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப்புக்கு அவை இரண்டும் தெரியாது, எச்.264 என்ற பழைய வடிவம்தான் அத்துபடி. தெரியாத வடிவம் வந்தால் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழும். ஃபேன் சத்தம் போடும், படம் விக்கும். எச்264ஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டுவிட்டால், யூடியூபிடம் எச்.264-ஐயே கேட்டு வாங்கும். அவ்வளவுதான், ஃபேன் அடங்கிவிடும். புது லேப்டாப் வாங்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

எஸ்எஸ்டியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. போடுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு எந்த ஓஎஸ் போட்டாலும் திருப்தி இருக்காது. ராம் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு உண்டு. முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். உங்கள் லேப்டாப் எல் வகையை மட்டும் ஏற்கும் என்றால் மற்றது வேலை செய்யாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த முதல் தலைமுறை மெஷின்கள் இன்னும் நிறைய வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. அவற்றில் 2 ஜிபி ராம்தான். இந்த மாதிரி மெஷின்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் சேர்த்தால் படிக்க, எழுத, பைத்தான் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிந்து அதைத் திறந்து பார்த்த மாணவர்கள் மிகக் குறைவு. அதில் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் கேரளாவில் பள்ளி ஐடி பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறார்கள், ஆசிரியர்களுக்கும் அதில் பயிற்சி கொடுக்கிறார்கள். மென்பொருளை மட்டும் உள்ளே போட்டுக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. அந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு.

எல்லாப் பழைய மெஷினையும் காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பென்டியம் 4 டெஸ்க்டாப் இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் சில மாடல்களில் பிராசசர் ஒன்றே 115 வாட் வரை வெப்பம் கக்கும். மானிட்டர், மற்றதெல்லாம் தனி. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஒரு சாதாரண ஐ3 லேப்டாப் அதைவிடக் குறைந்த கரண்ட்டில் பல மடங்கு வேலை செய்யும். பேட்டரி உப்பியிருந்தாலும் யோசிக்க வேண்டாம், உடனே கழற்றி மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

[திரையில்: பேஜ்மேக்கர் கோப்பு ஒன்று லிப்ரேஆஃபிஸ் டிராவில் திறக்கும் காட்சி]

பழைய கம்ப்யூட்டரை விட முடியாமல் வைத்திருக்கும் இன்னொரு கூட்டம் டிடிபி சென்டர்கள். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு சிஸ்டம், அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கவிதைத் தொகுப்பு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே ஆதரவு முடிந்துவிட்டது. அதை இன்டர்நெட்டில் இணைக்காமல் வைத்திருந்தால் ஓடட்டும், தப்பில்லை. ஆனால் அந்த மதர்போர்டு போகிற அன்றைக்கு என்ன செய்வீர்கள்? அடோபி பேஜ்மேக்கரை 7-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்து அடோபி கொண்டுவந்த இன்டிசைனிலும் சிஎஸ்6-க்குப் பிறகு வந்த பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. ஆனால் லிப்ரேஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில், 2015-இல் வந்த 4.4-ஆம் பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கும் வசதி இருக்கிறது.

இதோ திறக்கிறது பாருங்கள். பத்தி அமைப்பு அங்கங்கே கலைந்திருக்கிறது, ஆனால் எழுத்து முழுவதும் வந்துவிட்டது. எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது, ஏனென்றால் பாமினியில் அடித்தது ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் சேமிக்கப்படும். காப்பி செய்து ஒரு யூனிகோடு மாற்றியில் போட்டால் தமிழ் வந்துவிடும். தயாரித்த நிறுவனமே கைவிட்ட கோப்பு வடிவத்துக்கு, வேறு யாரோ உட்கார்ந்து வழி செய்திருக்கிறார்கள். டிடிபி தொழிலில் இருப்பவர்கள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாதத்துக்குக் கொஞ்சமாக இந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, லினக்ஸ் போட முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அவசரப்பட்டு இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அப்புறம் பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் ஓட்டிப் பாருங்கள், டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று சோதியுங்கள். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து நான்கு வரி அடித்துப் பாருங்கள். பிரின்டரைக் கட்டாயம் இணைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் அதிகம் இருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேர் போய்ச் சேர வேண்டும். அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் பிரின்ட் ஆகி வெளியே வந்த பிறகு இன்ஸ்டால் பட்டனைத் தொடுங்கள். பென் டிரைவ் தயாரிப்பதிலிருந்து பார்ட்டிஷன் பிரிப்பது வரை அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன்.