மல்லிகையை வீட்டிலிருந்து வாசித்தல்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசக நண்பர்களே, வணக்கம்.

1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 'மல்லிகை' என்ற இலக்கியச் சஞ்சிகையின் முதல் இதழை வெளியிட்டார். முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர் அவர். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். தாமே ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் இருந்து, பல வேளைகளில் இதழ்களைத் தாமே சுமந்து சென்று விற்று, 2012 வரை அந்தச் சஞ்சிகையை அவர் நடத்தினார். அதன் பழைய இதழொன்றைப் பார்ப்பதற்கு முன்பெல்லாம் எவரேனும் ஒருவருடைய வீட்டு அலுமாரியைத் தேடிப் போக வேண்டும். போகும் வேளையில் அவர் நல்ல மனநிலையில் இருக்கவும் வேண்டும். இன்று நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்தில் அவ்விதழ்களில் பெரும்பகுதியை, கட்டணம் எதுவுமின்றி, நம் வீட்டு மேசையிலிருந்தே திறந்து படிக்கலாம். எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஆகவே 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர்கள் நூலகம் திட்டத்தைத் தொடங்கியபோது, ஓர் ஊரின் எழுத்தையெல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதன் ஆபத்தை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆவணகத்தில் ஒவ்வோர் இதழுக்கும் தனிப் பக்கம் உண்டு. சஞ்சிகையின் பெயர், அடுத்து ஆண்டு, அடுத்து மாதம் என்ற ஒழுங்கில் தலைப்பு இருக்கும். கீழே நூலக எண், சுழற்சி (எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வருவது என்பது), இதழாசிரியர், பக்கங்களின் தொகை ஆகியன தரப்பட்டிருக்கும். அதன்பின் தரவிறக்குவதற்கான பிடிஎவ் கோப்பும், பெரும்பாலும் உள்ளடக்கப் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியல் எவரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் பார்த்துத் தட்டச்சுச் செய்தது என்பதை நினைவில் வைத்திருங்கள். பழைய இதழ்களின் கோப்புகள் பெரும்பாலும் படங்களாகவே இருப்பதால், கட்டுரையின் உள்ளே வரும் ஒரு சொல்லைத் தேடுபெட்டியில் இட்டால் எதுவும் அகப்படாமல் போகலாம். தேடல் வெறுங்கையோடு திரும்பியது என்பதற்காக அந்த விடயம் மல்லிகையில் வரவேயில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எழுத்துக்கூட்டலும் நம்மை ஏமாற்றும். டானியல் என்று ஓரிடத்தில் இருக்கும் எழுத்தாளர் இன்னோரிடத்தில் டேனியல் ஆகியிருப்பார். ரகரமா றகரமா, முதலெழுத்து முன்னால் வருகிறதா இல்லையா என்று பெயர் ஒவ்வொன்றையும் மூன்று நான்கு விதமாக இட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

தரவிறக்கும்போது கோப்பு வெறும் எண்ணையே பெயராகக் கொண்டு வந்து சேரும். நாற்பது இதழ்களை ஒரே இரவில் இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் நாற்பது எண்களுக்கு முன்னால் திகைத்து உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. இறக்கிய கையோடு ஆண்டையும் மாதத்தையும் இலக்கத்தில் முன்னே வைத்துப் பெயரை மாற்றிவிட்டால், கணினி தானே அவற்றைக் கால ஒழுங்கில் அடுக்கிவிடும். கைத்தொலைபேசியில் வாசிப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தை விரலால் நகர்த்தி நகர்த்திப் படிப்பவர் பத்து நிமிடத்தில் களைத்துப் போவார்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். 1966 ஓகஸ்டிலிருந்து 2012 வரை மாதந்தோறும் ஓர் இதழ் வந்திருந்தால் தொகை 550ஐத் தாண்டியிருக்கும்; வெளிவந்தவையோ ஏறத்தாழ 400 தான். ஆகவே ஆவணகத்தின் பட்டியலில் ஒரு மாதம் இல்லையென்றால், அந்த மாதம் இதழே வரவில்லையா, வந்த இதழ் இன்னும் மின்வருடப்படவில்லையா என்ற கேள்வி எழுகிறது. விடை பெரும்பாலும் இதழிலேயே அச்சிடப்பட்டிருக்கும் தொடர் எண்ணில் இருக்கிறது. இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் அடுத்தடுத்து வந்தால், அந்த மாதம் மல்லிகை மலரவில்லை. எண் ஒன்று தாவியிருந்தால், அந்த இதழ் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கிறது என்று கொள்ளலாம். சில வேளைகளில் இரண்டு மாதங்களைச் சேர்த்து ஒரே இதழாகவும் வெளியிடுவார்கள் என்பதால் அட்டையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளிவராத மாதங்களையும் நான் குறித்துவைக்கிறேன். தாளுக்குத் தட்டுப்பாடு வந்து, யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே பத்திரிகைகள் அச்சேறிய காலம் ஒன்று இருந்ததை இங்கே பலர் அறிவீர்கள். வராத இதழுக்கும் வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு.

இதனாலேயே, தேடிக் கிடைத்த ஒரு கட்டுரையை மட்டும் வாசித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கட்டுரையைப் பின்னாளில் வரும் தொகைநூல் எதிலாவது படித்துக்கொள்ளலாம். அட்டையில் யாருடைய படத்தைப் போட்டார்கள், 'தூண்டில்' பகுதியில் வாசகர் ஜீவாவிடம் எதைக் கேட்டார், எந்தக் கடை விளம்பரம் கொடுத்தது, சந்தா எவ்வளவு என்பதெல்லாம் எந்தத் தொகைநூலிலும் இடம்பெறா. கடைசிப் பக்கத்து முகவரி வரியை மட்டும் ஆண்டுவாரியாகப் பார்த்து வாருங்கள்: காங்கேசன்துறை வீதி, யாழ்ப்பாணம் என்று நெடுங்காலம் இருந்தது, போரினால் இடம்பெயர்ந்து, கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதி என்று மாறும். அந்த இடப்பெயர்வைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட அந்த ஒரு வரி என்னைக் கூடுதலாக நிறுத்திவைத்தது.

குறிப்பெடுப்பவர்களுக்கு ஒரு சொல். அட்டையையும் சேர்த்து எண்ணுவதால் திரையில் தெரியும் பக்க எண்ணும் அச்சிலுள்ள பக்க எண்ணும் ஒன்றாக இரா. மேற்கோள் காட்டும்போது அச்சு எண்ணையே எழுதுங்கள். கட்டிய தொகுதியிலிருந்து மின்வருடிய இதழ்களில் உள்ளோரத்து எழுத்துகள் மடிப்புக்குள் மறைந்திருக்கும். அவ்விடத்தை ஊகித்து நிரப்பாமல், தெளிவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒருவருடைய கதையை எடுத்து நம் பெயரில் இயங்கும் இடங்களில் மறுபிரசுரம் செய்வதும் முறையன்று. எழுதியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிமை இருக்கிறது.

எண் தாவிய இதழ்களை என் குறிப்பேட்டின் கடைசித் தாளில் தனியே எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளை இந்த மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டிலோ, பெரியவர்கள் விட்டுச் சென்ற பெட்டியிலோ அவற்றில் ஒன்று இருக்குமானால், எண்ணுக்கு நேரே ஒரு புள்ளடி இடுங்கள். அதை மின்வருடலுக்குக் கொண்டு சேர்ப்பது பற்றி வெளியே தேநீர் அருந்தியபடி பேசிக்கொள்வோம்.